கீழே பார்த்திருந்த கத்தரீனம்மா

இந்தச் சிறப்பு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த பிள்ளைகள் மூன்று பேர். மூவரும் நல்ல கைகாரர். கோயில் வாகனங்களுக்கு வர்ணம் தீட்டுகிறார்கள், தேவாலயங்களில் பழுதான படங்களைத் திருத்துகிறார்கள். "உங்கடை பெரிய வேலையளைப் பற்றி எழுதித் தாங்கோ ஐயா" என்றார்கள். பெரிய வேலைகள் எந்த எந்தக் கோயிலில் இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும், போய்ப் பார்த்துக்கொள்ளலாம். வயதாகிக் கை நடுங்கத் தொடங்கியதும் தூரிகையை வைத்துவிட்டேன். இனி என்னை வேலைக்கு அழைக்க ஒருவரும் இல்லை, ஆகவே ஒருவருக்கும் பயப்படவும் தேவையில்லை. நான் கெடுத்த வேலை ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். அதைத்தான் பலர் என்னுடைய பெரிய வேலை என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

முதலில் என் குருநாதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெல்லியடிப் பக்கத்தில் வாகன வேலை செய்தவர். பெயர் சொல்வது அவருக்குப் பிடிக்காது, நானும் சொல்லவில்லை. புதிய வாகனத்துக்கோ விக்கிரகத்துக்கோ கடைசியாகக் கண்மணியில் புள்ளி வைப்பதைத்தான் கண் திறத்தல் என்போம். அதில் அவருக்கு நிகர் கிடையாது. ஒரு நாள் என்னுடைய வீட்டில் இருந்து கலியாணப் படம் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோனேன். மட்டை ஒன்றில் இரண்டு ஓட்டை வெட்டி, படத்தில் இருந்த ஒரு முகத்தின் மேல் வைத்தார். கண்கள் மட்டும் தெரிந்தன.

"ஆர் சொல்லு."

"சித்தி" என்றேன், சற்றும் யோசிக்காமல்.

மட்டையை எடுத்தார். என் அம்மா.

"பெத்த தாயைத் தெரியேல்லை உனக்கு. கண்ணிலை ஒண்டுமில்லையடா. புருவத்திலையும் கன்னத்திலையும் வாயிலையும்தான் ஆள் இருக்கு. அதைச் சரியாய்க் கீறு, கண் தன்ரை பாட்டிலை பாக்கும்."

இதைவிடப் பெரிய பாடம் எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. மறக்கவும் இல்லை. மறந்திருந்தால் என் குற்றம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

அவர் வைத்திருந்த இன்னொரு விதி உங்களுக்கும் தெரியும். கண் திறக்கும்போது எதிரில் நிற்கக் கூடாது. முதுகைக் காட்டி நின்று, கையில் பிடித்த கண்ணாடியில் பார்த்துத்தான் புள்ளி வைக்க வேண்டும். திரையை விலக்கியதும் முதற் பார்வை கன்றோடு நிற்கும் பசுவில் விழ வேண்டும், பிறகு நிறைகுடத்தில், அதன் பிறகுதான் சனங்களில். "முதல் பார்வைக்குச் சூடு கூடுதல். தனி ஆளிலை விழ விடாதை" என்பார். நான் இதை நம்பினேனா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் ஒரு தடவையும் மீறியதில்லை, அந்த ஒரு தடவையைத் தவிர.

சண்டை முடிந்து கரையோரச் சனங்கள் ஊர்களுக்குத் திரும்பிச் சில வருடங்கள் இருக்கும். பருத்தித்துறைக்கு அப்பால் உள்ள ஒரு கத்தோலிக்க மீனவ ஊரில், கோயில் படம் ஒன்றைத் திருத்த என்னைக் கூப்பிட்டார்கள். சைவக்காரன் வேதக்கோயிலில் வேலை செய்வது இங்கே புதினமில்லை. அவர்களுடைய சுரூபங்களும் படங்களும் எத்தனையோ என் கையால் போயிருக்கின்றன.

அந்தப் படம் அர்ச்சியசிஷ்ட கத்தரீனம்மா என்ற புனிதையுடையது. ஐந்நூறு வருடத்துக்கு முந்திய இத்தாலியப் படம் ஒன்றைப் பார்த்துக் கீறிய பிரதி என்றும், வெள்ளைக்காரப் பாதிரிச் சுவாமி ஒருவர் அந்தக் காலத்தில் கப்பலில் கொண்டுவந்தது என்றும் சொன்னார்கள். மடியில் ஒரு புத்தகம். படித்துக்கொண்டிருந்த பக்கம் தவறாமல் ஒரு விரலை உள்ளே வைத்திருக்கிறா. கண்கள் புத்தகத்திலும் இல்லை, எங்களிலும் இல்லை. இமை பாதி இறங்கி, எதையோ யோசித்தபடி கீழே பார்த்துக்கொண்டிருக்கிறா. பக்கத்தில் ஒரு சக்கரம் உடைந்து கிடக்கிறது. அவவைக் கொல்லக் கொண்டுவந்த சக்கரம் அது என்று பங்குத்தந்தை சொன்னார். ஊர்ச் சனம் அதைக் கப்பலின் சுக்கான் சக்கரம் என்று எடுத்து, தங்கள் வள்ளங்களை அவவிடம் ஒப்படைத்துவிட்டார்கள். இடம்பெயர்ந்த காலமெல்லாம் படுக்கை விரிப்பில் சுற்றித் தோளில் சுமந்திருக்கிறார்கள். உப்புக்காற்றும் மெழுகுதிரிப் புகையும் தின்று, பாவாடைப் பக்கம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்திருந்தது. முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

முகத்தைப் பார்த்த முதல் நாளே என் கை தினவெடுத்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். நான் படித்த தொழிலில் கண் திறக்காத சாமி முடியாத வேலை. மூலப் படத்தில் தொடங்கி ஐந்நூறு வருடமாக ஒருவரும் இதை முடிக்கவில்லையே என்று நினைத்தேன். எவ்வளவு கொழுப்பு என்று பாருங்கள்.

இரண்டாம் நாள் தேநீர் நேரத்தில் கோயில் சபைத் தலைவர் வந்தார். மூன்று வள்ளத்துக்குச் சொந்தக்காரர். ஊர் முழுக்க அவரைச் சம்மாட்டியார் என்றுதான் கூப்பிடும். அதிர்ந்து கதைக்காத, மரியாதையான மனுசன். கூட நாலைந்து பேர். என் வேலையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அண்ணை, கண் கீறுற ஆள் நீங்கள். ஒருத்தன்ரை கண்ணை மட்டும் வைச்சு ஆளைப் பிடிக்கலாமோ?"

மட்டையும் ஓட்டையும் என் நினைவுக்கு வந்தன. ஆனால் ஐந்து பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும்போது, பெற்ற தாயைச் சித்தி என்று சொன்ன கதையை எந்தப் பெரிய ஓவியன் சொல்வான்?

"ரெண்டு கண் காணும்" என்றேன். "வேறை ஒண்டும் தேவையில்லை. முகம் மாறும், முடி மாறும். கண் மாறாது. நான் ஒருக்கால் பாத்த கண்ணை எங்கை கண்டாலும் சொல்லுவன்."

அவர்கள் ஆளை ஆள் பார்த்துக்கொண்டார்கள். சம்மாட்டியார் தலையை மட்டும் ஆட்டினார். என் கெட்டித்தனத்தைக் கண்டு வாயடைத்துப் போனார்கள் என்றே நான் எண்ணினேன்.

தினமும் மதிய மணி அடித்து எல்லோரும் சாப்பிடப் போன பிறகு ஒரு பெண் கோயிலுக்கு வருவா. அறுபது வயது இருக்கும். படத்தின் நேர் எதிரே இருக்க மாட்டா, தூணோரம் ஒதுங்கி இருப்பா. மெழுகுதிரி கொளுத்துவதில்லை, வாய் விட்டுச் செபிப்பதுமில்லை. அரை மணித்தியாலம் இருந்துவிட்டு எழுந்து போவா. பெயர் பிலோமினா என்று பிறகுதான் தெரியும். நாலாம் நாள் என்னிடம் வந்தா.

"தம்பி, கண்ணிலையும் கை வைப்பீங்களோ?"

"ஏன் அக்கா?"

"வையாதேங்கோ. இந்த ஊரிலை என்னைப் பாக்காமல் இருக்கிறவ உவ ஒருத்திதான். கிணத்தடிக்குப் போனால் பாக்கினம். பூசைக்கு வந்தால் திரும்பித் திரும்பிப் பாக்கினம். இவ தன்ரை பாட்டிலை இருக்கிறா. நானும் என்ரை பாட்டிலை கொஞ்ச நேரம் இருந்திட்டுப் போறன். வேறை எனக்குப் போக இடமில்லை."

"ஓம் அக்கா, கண்ணைத் தொடமாட்டன்" என்றேன்.

அன்று பின்னேரம் பங்குத்தந்தையிடம் அவவைப் பற்றி விசாரித்தேன். இளம் வயதுக்காரர், வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நான் கேட்டதும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"உங்களிட்டை சம்மாட்டியார் ஏன் அந்தக் கேள்வி கேட்டவர் எண்டு தெரியுமோ?" என்று தொடங்கினார்.

பிலோமினாவுக்கு ஒரே மகன். சண்டைக் காலத்தில் ஒரு நாள் கரைக்குப் போன வழியில் யாரோ அவனைக் கொண்டுபோய்விட்டார்கள். இரண்டு கிழமையில் ஊரில் படையினரின் சுற்றிவளைப்பு. ஆண்களையெல்லாம் பள்ளிக்கூட வளவில் வரிசையாக இருத்தினார்கள். தலையில் சாக்கு மாட்டிய ஒருவனை முன்னால் நிறுத்தினார்கள். சாக்கில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அவன் எவரைப் பார்த்துத் தலையாட்டினானோ அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஏற்றியவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. சம்மாட்டியாரின் தம்பியும் அதில் ஒருவன். சாக்குக்குள் இருந்தவை பிலோமினாவின் மகனுடைய கண்கள் என்று சம்மாட்டியார் அன்றைக்கே சொல்லிவிட்டார். அந்த மகனும் திரும்பி வரவில்லை. தாய் மட்டும் ஊரில் மிஞ்சினா.

"கன பேருக்கு அது சந்தேகமாய்த்தான் இருந்தது. கண்ணை மட்டும் வைச்சு எப்பிடிச் சொல்லுறது எண்டு. நீங்கள் அண்டைக்குச் சொன்னதோடை அந்தச் சந்தேகமும் போச்சு" என்றார்.

மட்டைக் கதையை அவருக்குச் சொன்னேன். நான் அளந்தது பொய் என்றும் சொன்னேன்.

"ஞாயிற்றுக்கிழமை சபைக் கூட்டம். அதிலை உந்தக் கதையை அப்பிடியே சொல்லிவிடுங்கோ. வேறை ஒண்டும் வேண்டாம்."

"ஓம் பாதர்" என்றேன். அந்த நாட்களில் என் வாயில் ஓமுக்குப் பஞ்சமில்லை.

கூட்டத்தில் இருபது பேர் அளவில் இருந்தார்கள். சம்மாட்டியார் எழுந்தார். படம் வடிவாய் வருகிறது என்று என்னைப் பாராட்டினார். பிறகு, குரலை உயர்த்தாமல், இப்படிச் சொன்னார்.

"எங்களுக்கு ஒரு விருப்பம் இருக்கு. இவ்வளவு காலமும் அம்மா கீழை பாத்துக்கொண்டே இருந்திட்டா. பள்ளிக்கூட வளவு இந்தக் கோயிலுக்கு எதிர்ப்பக்கம்தான். எங்கடை பிள்ளையளை ஏத்தேக்கையும் கீழைதான் பாத்தவ. ஒருக்கால் நிமிந்து பாத்திருந்தால் எண்டு நான் யோசிக்காத நாளில்லை. கொடியேத்தத்துக்கு முதல் அம்மாவின்ரை கண்ணைத் திறந்து விடுங்கோ அண்ணை. இனியெண்டாலும் எங்களைப் பாக்கட்டும்."

பின்னால் ஒரு பெண் அழத் தொடங்கினா. அவருடைய துக்கம் பொய்யில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். உங்களிடம் பிழையான வேலை கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்றால் இந்தத் தொழில் மிக இலேசாக இருக்கும்.

பங்குத்தந்தை சொல்லிப் பார்த்தார். கத்தரீனம்மா தியானத்தில் இருக்கிறா, உள்ளே கடவுளைப் பார்க்கிறா, அதற்காகத்தான் அப்படிக் கீறியிருக்கிறார்கள் என்றார்.

"சுவாமி, நீங்கள் வருவீங்கள், மாறிப் போவீங்கள். நாங்கள் இங்கைதான் இருக்க வேணும்" என்றார் சம்மாட்டியார். பிறகு என் பக்கம் திரும்பினார். "கண்ணைப் பற்றி அண்ணைக்குத் தெரியாததோ. ரெண்டு கண் காணும் எண்டு எங்களுக்குச் சொன்ன மனுசன். அவர் சொல்லட்டும்."

இருபது பேரும் என்னைப் பார்த்தார்கள். பங்குத்தந்தையும் பார்த்தார். நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வசனம்: "அண்டைக்கு நான் சொன்னது பொய், கண்ணை மட்டும் வைச்சு என்ரை தாயையே எனக்குத் தெரியேல்லை." இதைச் சொல்ல எத்தனை விநாடி வேண்டும்?

"திறக்கலாம். வடிவாய் வரும்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல வருடம் பல காரணம் தேடினேன். அழுகிற சனத்துக்கு முன்னால் மறுக்க மனம் வரவில்லை என்று கொஞ்சக் காலம் சொல்லிக்கொண்டேன். அந்தக் கரை நெடுகிலும் கோயில்கள், இவரைப் பகைத்தால் ஓரிடத்திலும் வேலை இல்லை என்றும் சொல்லிப் பார்த்தேன். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் மெய்யான காரணம் வெட்கம். பெரிய ஓவியன் என்று இருபது பேர் நினைத்துக்கொண்டிருந்தார்கள், அந்த நினைப்பைக் கெடுக்க எனக்கு மனமில்லை. அதோடு அந்தக் கண்ணைத் திறந்து பார்க்க எனக்கே ஆசையாகவும் இருந்தது. ஒரு தாயின் மானத்தை இவ்வளவுக்குத்தான் விற்றேன்.

கூட்டம் முடிந்து போகும்போது பங்குத்தந்தை என் முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்று நாள் வேலை. யாரும் வரக் கூடாது என்று சொல்லி, கதவைச் சாத்திக்கொண்டு செய்தேன். இமையை ஏற்றினேன், கண்மணியை நடுவில் கொண்டுவந்தேன். கொடியேற்றத்துக்கு முதல் நாள் மதியம் புள்ளி வைப்பது மட்டும்தான் பாக்கி. வர்ணம் காயட்டும் என்று பெரிய கதவைத் திறந்து விட்டிருந்தேன். வேதக்கோயிலில் பசுவும் இல்லை, நிறைகுடமும் இல்லை, திரையும் இல்லை. அது இவர்களுக்குத் தேவையில்லை என்று விட்டுவிட்டேன். ஆனாலும் எதிரில் நிற்க மனம் துணியவில்லை. முகம் மழிக்கிற கண்ணாடியைக் கையில் பிடித்து, படத்துக்கு முதுகு காட்டி நின்று, தோளுக்கு மேலால் இரண்டு புள்ளி வைத்தேன்.

கண்ணாடியை இறக்கினேன். நேர் எதிரே, வாசலில், பிலோமினா நின்றா.

மதிய மணி அடித்திருந்தது, தன் நேரத்துக்கு வந்திருக்கிறா. வர வேண்டாம் என்று மற்றவர்களுக்குச் சொன்னோமே தவிர அவவுக்கு ஒருவரும் சொல்லவில்லை. அவவோடு கதைக்கிற ஆள் யார் இருந்தார்கள் சொல்வதற்கு? என் தோளுக்கு மேலால் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றா. முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டா. பிறகு திரும்பிப் போய்விட்டா.

அடுத்த நாள் கொடியேற்றத்தில் சனம் அலைமோதியது. "பாக்கிறா, பாக்கிறா" என்று அழுதார்கள். இந்தப் பக்கம் நின்று பார்த்தார்கள், அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தார்கள், எங்கே நின்றாலும் கத்தரீனம்மா தங்களைப் பார்க்கிறா என்று பிள்ளைகளைத் தூக்கிக் காட்டினார்கள். எனக்கும் பெருமையும் புளுகமுமாகத்தான் இருந்தது. அதையும் மறைக்கவில்லை. நல்ல வேலை என்பதில் சந்தேகமே வேண்டாம். நீங்கள் போய்ப் பார்த்தாலும் ஒட்டுத் தெரியாது.

ஒரு மாதம் கழித்துப் பங்குத்தந்தை தொலைபேசியில் கூப்பிட்டார். தனக்கு மாற்றம் வந்துவிட்டது என்றார். பிலோமினா கோயிலுக்கு வருவதை அடியோடு நிறுத்திவிட்டா என்றும் சொன்னார். "உங்களுக்குத் தெரிய வேணும் எண்டு சொன்னனான்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அடுத்த வருடத் திருவிழாவுக்கு மற்ற ஊர்களில் இருந்து பஸ் பிடித்து வந்தார்கள். "கண் திறந்த கத்தரீனம்மா" என்று பெயரும் வந்துவிட்டது. யாருக்கோ குழந்தை கிடைத்ததாம், யாருடைய வள்ளமோ புயலில் தப்பியதாம். பூசை முடிவில் என்னை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். இறங்கியதும் சம்மாட்டியாரைத் தனியே கூட்டிக்கொண்டு போய், கண்ணைப் பழையபடி கீறித் தருகிறேன் என்று கேட்டேன்.

"மூடுறதோ? இப்பதானே அண்ணை பாக்கத் தொடங்கினவ."

அப்போதுதான் மட்டைக் கதையைச் சொன்னேன், ஒரு வருடம் பிந்தி. அம்மாவைச் சித்தி என்று சொன்னதையும், அன்றைக்கு அவரிடம் பொய் சொன்னதையும், இரண்டு ஓட்டைக்குள் ஒருவரையும் அடையாளம் காண ஏலாது என்பதையும் சொன்னேன். அவர் மணலைப் பார்த்தார்.

"சாக்குக்குள்ளை இருந்தது அவன்ரை கண் இல்லையெண்டால், நான் இவ்வளவு காலமும் ஆரை வெறுத்தனான்?" என்றார். பிறகு, "உதை இனி ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ அண்ணை. சொல்லி என்ன வரப்போகுது" என்றார்.

அதற்கும் ஓம் என்றேன். அந்த ஒரு ஓமை இன்றைக்கு இந்த மலரில் மீறுகிறேன். அவர் இறந்துவிட்டார். பிலோமினாவும் இறந்துவிட்டா. ஊரில் மிஞ்சி இருப்பவர்களாவது படிக்கட்டும். அந்தக் கண்கள் யாருடையவை என்று ஒருவருக்கும் தெரியாது. தெரியும் என்று நான் சொன்னது பொய்.

அந்தத் திருவிழா நாளிலேயே, அங்கிருந்து பிலோமினா வீட்டுக்குப் போனேன். பொன்னாடையைச் சைக்கிள் பையில் திணித்திருந்தேன். முற்றத்தில் பாய் விரித்துக் கருவாடு காயப்போட்டிருந்தது. நல்லதை ஒரு பக்கமும் உடைந்ததை ஒரு பக்கமுமாகப் பிரித்துக்கொண்டு இருந்தா. வேலியடியில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். குருநாதர், மட்டை, அம்மா, தேநீர் நேரத்துப் பெருமை, கூட்டத்தில் உண்மையைச் சொல்லாதது, ஒன்றையும் விடவில்லை. அவவின் கை ஓயவில்லை. தலையும் நிமிரவில்லை.

ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துக் காறித் துப்பினால்கூடப் போதும் என்று இருந்தது.

"அக்கா, என்னைப் பாத்து நாலு பேச்சுப் பேசுங்கோ."

கையில் இருந்த கருவாட்டைத் திருப்பி வைத்தா. கீழே பார்த்தபடியே சொன்னா.

"பயப்பிடாதேங்கோ தம்பி. நான் உங்களைப் பாக்கேல்லை. போயிட்டு வாங்கோ."